கச்சு தைத்த கை

முடியரசு கூடாது என்று இன்று நாம் மேடையேறி முழங்கினால், கேட்போர் கொட்டாவி விடுவர். முடியும் போயிற்று, முடிதரித்தோரும் போயினர், இனி அதைப் பேசுவானேன் என்பர். ஆனால் நாட்டுக்கு ஒரு மன்னன், மன்னனுக்கு மேலே ஆண்டவன், இருவருக்கும் நடுவே தரகராகக் குருமார் என்று உலகம் கட்டுண்டு கிடந்த காலத்தில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். சொன்னார் ஒருவர். பிரபு குலத்தில் பிறந்தவரல்ல, பல்கலைக் கழகப் படிக்கட்டு மிதித்தவரல்ல. பெண்டிர் அணியும் கச்சு தைத்து வயிறு வளர்த்த தொழிலாளி. தாமஸ் பெயின் என்பது அவர் பெயர்.

அந்தப் பெயர் நம் தோழர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பேனா பிடித்தவர், பிரெஞ்சுப் புரட்சி மன்றத்தில் இடம் பெற்றவர், வேத நூலைப் பகுத்தறிவுத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் என்ற அளவில் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் புகழைத் திருப்பிப் பாட நாம் இதை எழுதவில்லை. சுதந்திரம் சுதந்திரம் என்கிறோமே, அது நம்மவருக்கு மட்டுமா, மாற்றானுக்கும் சேர்த்தா? இந்தக் கேள்வி அவர் வாழ்விலே உயிருக்கு உலை வைக்கும் கேள்வியாக வந்து நின்றது. அவர் எப்படி விடை கொடுத்தார் என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நம் ஆசை.

1737-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், இங்கிலாந்திலே தெட்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையின் தொழில் கச்சு தைப்பது. கச்சு என்றால் நம் ஊர் ரவிக்கை அல்ல. சீமாட்டிகளின் இடை சிறுத்துத் தெரிய வேண்டுமென்று, திமிங்கில எலும்பை நறுக்கித் துணிக்குள் வைத்துத் தைத்து, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டும் கவசம் அது. தந்தை குவேக்கர் வகுப்பைச் சேர்ந்தவர்; பாதிரியும் பூசையும் வேண்டாம், சண்டையும் கூடாது, எந்தச் சீமானுக்கும் தொப்பி கழற்றிக் குனிய வேண்டாம் என்று வாழ்ந்த கூட்டம். தாயார் சர்க்கார் திருச்சபையைச் சேர்ந்த வக்கீல் மகள். ஒரே வீட்டில் இரண்டு நம்பிக்கைகள். எது சரி என்று கேட்கும் பழக்கம் பிள்ளைக்கு அங்கேயே வந்திருக்க வேண்டும்.

அந்த ஊர் கிராப்டன் டியூக்கின் செல்வாக்குக்கு உட்பட்டது. பார்லிமெண்டுக்கு ஆள் அனுப்பும் உரிமை ஊருக்கு உண்டு. ஆனால் வோட்டுரிமை முப்பத்துச் சொச்சம் பேருக்குத்தான். ஆண்டுதோறும் நீதிபதிகள் வந்து இறங்கி விசாரணை நடத்துவர். ஊர்ப்புறத்தில் தூக்குமரம். ஏழை எதையாவது திருடினாலும் கழுத்துக்குக் கயிறு. ஊரையே சட்டைப் பையில் வைத்திருக்கும் டியூக்குக்கு மட்டும் மாலை மரியாதை. சட்டம் யாருடையது என்பதைப் புத்தகம் புரட்டி அறிய வேண்டிய தேவை பெயினுக்கு இருக்கவில்லை.

பள்ளிப்படிப்பு பதின்மூன்று வயது வரை. பிறகு தந்தையிடம் ஊசியும் நூலும். இடையில் கப்பலேறிக் கடலில் அலைந்தார். சொந்தமாகக் கடை வைத்தார்; கடை தேறவில்லை. 1759-இல் மணம் புரிந்தார். மறு ஆண்டே மனைவி மறைந்தார். பிறகு கலால் இலாகாவில் வேலை. பார்க்காத சரக்கைப் பார்த்ததாகக் கணக்கு எழுதினார் என்று 1765-இல் அந்த வேலையும் போயிற்று. மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டு மீண்டும் பெற்றார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பத்துக் கிராமத்தைக் குதிரையில் சுற்றி வரவேண்டிய சிப்பந்தி, பாதி வழியில் களைத்து வீட்டிலிருந்தே கணக்கெழுதுவது அந்த இலாகாவில் சர்வ சாதாரணம்.

ஏன் அப்படி நடக்கிறது என்று அந்தச் சிப்பந்தி பிறகு யோசித்தார். லூயிஸ் என்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாளில், கலால் ஊழியர்கள் ஒன்றுகூடித் தங்கள் குறையைப் பார்லிமெண்டுக்கு எழுதும்படி அவரிடம் ஒப்படைத்தனர். 1772-இல் அவர் எழுதிய முதல் பிரசுரம் அதுதான். ஆண்டுச் சம்பளம் 50 பவுன். வரி போக, குதிரைத் தீனி போக, மிஞ்சுவது நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் ஒன்பது பென்ஸ் சொச்சம். இதிலே குடும்பம் நடத்து, லஞ்சமும் வாங்காதே என்றால் எப்படி? பசித்தவனுக்கு நேர்மையைப் போதிக்கும் பணக்காரன், தானே பசியோடு இருந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும் என்ற தோரணையில் வாதாடினார். 4,000 பிரதிகள் அச்சாயின. குளிர்காலம் முழுதும் லண்டனில் தங்கி, பார்லிமெண்டு உறுப்பினர் வாசல்தோறும் ஏறி இறங்கினார். பலன்? ஒரு பென்னி உயரவில்லை. 1774 ஏப்ரலில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தது. இரண்டாவது மனைவியும் பிரிந்தார்.

சங்கம் அமைத்ததற்காகச் சீட்டுக் கிழிக்கப்பட்ட தோழர்கள் நம்மிலே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. மனுப் போட்டுப் பார்த்தாயிற்று, மன்றாடிப் பார்த்தாயிற்று, மேலே இருப்பவன் காது கேளாதவன் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பெயின் அரசியல்வாதி ஆகிறார்.

வயது 37. கையில் காசில்லை. லண்டனில் பெஞ்சமின் பிராங்க்ளினைச் சந்தித்து, ஓர் அறிமுகக் கடிதம் பெற்று அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வழியில் விஷக் காய்ச்சல். 1774 நவம்பர் 30-ஆம் நாள் பிலடெல்பியாவில் அவரைக் கப்பலிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். உடல் தேறியதும் ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். ஆற்காட்டு முற்றுகை மூலம் நமக்குத் தெரிந்த அதே ராபர்ட் கிளைவ், இந்தியாவில் அடித்த கொள்ளையைக் கண்டித்து 1775-இல் அப்பத்திரிகையில் வந்த கட்டுரை பெயின் எழுதியதென்றே கருதப்படுகிறது. தன் நாட்டுப் பிரபு அயல் நாட்டில் செய்த அட்டூழியம் அந்த ஆங்கிலத் தொழிலாளிக்கு உறுத்திற்று. நம்மவரிலே எத்தனையோ பேர் அதே கிளைவை வெற்றி வீரனென்று பாடப் புத்தகத்தில் நெட்டுருப் போட்ட காலமும் உண்டு!

1776 ஜனவரி 10. பெயின் எழுதிய 'காமன் சென்ஸ்' வெளிவந்தது. சிறு பிரசுரம். விலை இரண்டு ஷில்லிங். ஆசிரியர் பெயர் இல்லை. அமெரிக்காவிலே சண்டை தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் தலைவர்கள் பலர் ஜார்ஜ் மன்னனுக்கு விசுவாசம் தெரிவித்துக்கொண்டே அவன் படையோடு போரிட்டனர். மந்திரிகள் கெட்டவர்கள், மன்னர் நல்லவர் என்பது அவர்கள் பல்லவி. அந்தப் பல்லவியை வெட்டி வீசினார் பெயின். இங்கிலாந்து மன்னர் பரம்பரையின் மூலம் என்ன? ஆயுதம் தாங்கிய கும்பலோடு கரையேறி, குடிமக்கள் சம்மதம் இல்லாமலே முடிசூடிக்கொண்டான் ஒரு பிரெஞ்சுக்காரன். அவன் சந்ததிக்குப் புனிதம் எங்கிருந்து வந்தது? மன்னன் மகன் மன்னனாவது நியாயமா? கண்டம் போன்ற நாட்டைக் கடலுக்கு அப்பாலிருக்கும் ஒரு தீவு என்றென்றும் ஆள்வது இயற்கைக்கு ஒத்ததா? பூட்ஸ் தைப்பவனும் வண்டியோட்டியும் சாராயக் கடையில் ஒருவர் படிக்கக் கேட்டே விளங்கிக்கொள்ளும் நடை. மூன்று மாதத்தில் 1,20,000 விற்றதாகப் பெயினே எழுதினார். அவ்வளவு இராது என்று இன்றைய ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். எண்ணிக்கை எதுவாயினும், அவ்வாண்டு ஜூலை 4-இல் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது. தம் பங்கு லாபத்தைப் பெயின் தொடவில்லை. குளிரிலே கனடா நோக்கிச் சென்ற படைவீரர்களுக்குக் கையுறை வாங்கக் கொடுத்தார்.

அந்தப் பிரசுரத்தின் தொடக்கத்தில் ஒரு கருத்து இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றளவும் சச்சரவு. சமுதாயம் வேறு, சர்க்கார் வேறு என்றார் பெயின். மனிதனுக்கு மனிதன் துணை தேவை. அந்தத் தேவையில் பிறந்தது சமுதாயம். மனிதனிடம் கெடுமதியும் இருக்கிறது. அதைக் கட்டிப்போட வந்தது சர்க்கார். ஆகவே எவ்வளவு நல்ல சர்க்காரானாலும், வேறு வழியின்றி நாம் பொறுத்துக்கொள்ளும் தீங்குதான். பின்னாளில் இதற்குச் சான்றும் காட்டினார்: அமெரிக்கப் போர் தொடங்கியபின் இரண்டு ஆண்டுக்கு மேல் நிலைத்த சர்க்கார் எதுவும் அங்கே இல்லை, பழையது போயிற்று, புதியது வரவில்லை. நாடு நாசமாகிவிட்டதா? இல்லை, மக்கள் தங்களுக்குள்ளே ஒழுங்காகத்தான் வாழ்ந்தார்கள்.

இந்த ஒரு பகுதியை வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்போர் இன்று அமெரிக்காவில் உண்டு. தனிமனித விடுதலைவாதிகள் என்று பெயர். 1971-இல் கட்சியே கண்டார்கள். சர்க்கார் குறையக் குறையச் சுதந்திரம் வளரும், வரி என்பதே பறிமுதல், உடைமையாளனை அவன் போக்கில் விடு என்பது அவர்கள் வாதம். பெயினைத் தங்கள் முன்னோரில் ஒருவராக்கி, படம் மாட்டி வணங்குகிறார்கள். அவர்கள் பேச்சிலே உண்மையே இல்லை என்று நாம் தள்ளிவிடமாட்டோம். நள்ளிரவில் கதவைத் தட்டும் போலீசையும், பத்திரிகைக்கு ஜாமீன் கேட்கும் சட்டத்தையும், விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் உத்தரவையும் பார்த்தவனுக்கு, சர்க்காரின் கை நீளம் எவ்வளவு இருக்கவேண்டும் என்ற கவலை இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் பெயினின் ஒரு புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த புத்தகத்தைத் திறக்க மறந்துவிட்டார்கள்.

அதற்கு வருமுன் போர்க்களத்தைச் சிறிது பார்த்துவிடுவோம். எழுதிவிட்டு வீட்டிலே உட்கார்ந்துவிடவில்லை பெயின். படையில் சேர்ந்தார். 1776-இன் இறுதியில் வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கி, பாதிப்பேர் ஓடிப்போய், மிஞ்சியவர் காலிலே செருப்பில்லாமல் பனியில் நடந்தபோது கூடவே நடந்தார். 'நெருக்கடி' என்ற தலைப்பில் முதல் பிரசுரம் டிசம்பர் 19-இல் வந்தது. கிறிஸ்துமஸ் இரவு டெலாவர் ஆற்றைக் கடக்குமுன் அது வீரர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது என்பர். மறுநாள் டிரென்டனில் வெற்றி. போர் முடிந்தபின் நியூயார்க் சர்க்கார் அவருக்கு நியூ ரோஷெல் என்ற ஊரில் ஒரு பண்ணையைக் கொடுத்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இரும்பிலே பாலம் கட்டும் திட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு 1787-இல் மீண்டும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்.

பாரிசில் புரட்சி வெடித்தது. பாஸ்டில் சிறை இடிந்தது. அந்தச் சிறையின் சாவியைத் தளபதி லபாயெத், பெயின் கையிலே கொடுத்துத்தான் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். புரட்சியைத் தூற்றி, பழைய பெருமைகளைப் போற்றி, 1790-இல் எட்மண்ட் பர்க் ஒரு நூல் எழுதினார். அதற்கு மறுப்பாக வந்ததே 'மனித உரிமைகள்'. முதல் பாகம் 1791, இரண்டாம் பாகம் 1792. இறந்துபோன தலைமுறை, பிறந்து வாழும் தலைமுறையைக் கட்டுப்படுத்தும் சாசனம் எழுத முடியாது என்றார் பெயின். முன்னோர் செய்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சுமையைச் சுமப்பவர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கெல்லாம் அது பதில். நம் நாட்டிலே பூனாவில் ஜோதிராவ் புலே இளைஞராக இருந்தபோது, 1847-வாக்கில் அந்த நூலைப் படித்து உள்ளம் விழித்தார் என்பது வரலாறு.

இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். சர்க்கார் ஒரு தீங்கு என்று எழுதிய அதே கை, அங்கே கணக்குப் போடுகிறது. ஏழைக் குடும்பத்தில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 4 பவுன். குழந்தை படிக்கவேண்டும் என்பது நிபந்தனை. 50 வயது தாண்டி உடல் தளர்ந்த ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுன். 60 தாண்டினால் 10 பவுன். பேறுகாலத்துக்கு 20 ஷில்லிங், திருமணத்துக்கு 20 ஷில்லிங். வேலை தேடிப் போன இடத்திலே செத்துப்போகும் தொழிலாளியின் சவ அடக்கச் செலவு. லண்டனில் வேலையற்றோருக்குத் தங்க இடம், உண்ண உணவு, செய்ய வேலை. இதெல்லாம் 1792-இல்! இங்கிலாந்தில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது 1908-இல்.

இது தருமமல்ல, உரிமை என்றார். பிறந்த நாள் முதல் உப்பிலும் பீரிலும் மெழுகுவர்த்தியிலும் வரி செலுத்தி வந்தவன் ஏழை. அந்தப் பணத்துக்கு வட்டி போட்டாலே இந்தத் தொகை ஏறக்குறைய வந்துவிடுமே என்று கணக்குக் காட்டினார். பணத்துக்கு வழி? அரண்மனைச் செலவைக் குறை, உழைக்காத உத்தியோகஸ்தனுக்குப் படியளப்பதை நிறுத்து, போரை நிறுத்து, பெரும் பண்ணைகளுக்கு ஏற ஏற அதிக வரி போடு.

முன்னுக்குப் பின் முரண் என்பர் சிலர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பெயின் கண்ட சர்க்கார் எது? கலால் சிப்பந்தியாக இருந்து தாமே வசூலித்துக் கொடுத்த சர்க்கார். ஏழையின் குவளையில் கைவிட்டு எடுத்த காசு எங்கே போகிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். அந்தச் சர்க்காரை வெறுத்ததும், முதியவனுக்குப் பென்ஷன் கேட்டதும் ஒரே வேரில் முளைத்தவை. அடுத்த வேளைச் சோற்றுக்குப் பிரபுவின் கடைக்கண்ணை எதிர்பார்த்து நிற்பவன், தன் வோட்டைத் தன் மனம்போல் போடுவானா? வேலை போய்விடுமென்ற அச்சத்தில் உள்ளவன் சங்கத்துக்குச் சந்தா கொடுப்பானா? கழுத்தில் சங்கிலி இல்லை என்பதால் மட்டும் ஒருவன் சுதந்திரன் ஆகிவிடமாட்டான். காலூன்றி நிற்க ஒரு முழ இடமாவது அவனுக்கு வேண்டும். சர்க்காரிடமிருந்து விடுதலை கேட்கும் நண்பர்கள் பட்டினியிடமிருந்தும் கேட்டிருந்தால், பெயினின் படத்தை அவர்கள் மாட்டியிருப்பது முற்றிலும் பொருந்தும்.

ஆங்கில சர்க்காருக்கு இந்தக் கணக்கு பீரங்கியைவிடப் பயங்கரமாகப் பட்டது. மூன்று ஷில்லிங் விலையில் விற்றவரை பொறுத்திருந்தனர். மலிவுப் பதிப்பு ஆறு பென்சுக்கு வந்ததும் பதறினர். படிக்கக் கூடாதவன் படிக்கத் தொடங்கிவிட்டானல்லவா! 1792 மே 21-இல் ராஜத் துவேஷ எழுத்துக்கு எதிராக அரச பிரகடனம். ஊர்தோறும் பெயினின் கொடும்பாவி கொளுத்தப்பட்டது. பூட்ஸின் அடியாணியில் அவர் பெயரின் முதல் எழுத்துக்களைப் பொறித்து, நடக்கும்போதெல்லாம் மிதித்து மகிழ்ந்தார்களாம் பணக்காரர்கள். விற்ற கடைக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். செப்டம்பரில் பெயின் கடல் கடந்தார். டிசம்பரில் அவர் இல்லாமலே வழக்கு நடந்து, நாடு திரும்பினால் பாதுகாப்பில்லை என்ற நிலைக்கு ஆளானார்.

பிரான்சோ அவரை மாலையிட்டு வரவேற்றது. பிரெஞ்சு மொழியில் ஒரு வாக்கியம் ஒழுங்காகப் பேசத் தெரியாத மனிதரைக் கலே நகரம் தேசிய மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது! இப்போதுதான் நாம் முதலிலே குறிப்பிட்ட கேள்வி வருகிறது.

16-ஆம் லூயி மன்னன் விசாரணைக்கு நிற்கிறான். பகை நாடுகளோடு கூடிக் குலாவித் தன் மக்களுக்கே துரோகம் இழைத்தவன். பசித்த பாரிஸ் அவன் தலையைக் கேட்கிறது. மன்றத்தின் மேல்மாடத்தில் கூட்டம் கொந்தளிக்கிறது. பெயின் யார்? 1791-இல் அந்த மன்னன் தப்பியோடி அகப்பட்டபோது, இனி மன்னனே வேண்டாம், குடியரசுதான் வேண்டும் என்று பாரிஸ் சுவர்களில் அறிக்கை ஒட்டியவர். ரோபஸ்பியர் போன்றவர்களே குடியரசு என்ற சொல்லை உச்சரிக்கத் தயங்கிய நாள் அது. மன்னனை எதிர்ப்பதில் அவருக்கு யாரும் பாடம் நடத்த முடியாது.

அவர் எழுந்து நின்றார், கொல்லாதீர்கள் என்று சொல்ல. 1793 ஜனவரி 19. பெயின் மேடையில் நிற்க, அவர் உரையின் மொழிபெயர்ப்பை மற்றொருவர் படித்தார். மன்னன் பதவியை ஒழித்துவிட்டோம். இனி எதிரே நிற்பது லூயி என்ற ஒரு மனிதன். போர் முடியும் வரை சிறையில் வையுங்கள். பிறகு அமெரிக்காவுக்கு அனுப்புங்கள். எந்த நாட்டின் விடுதலைக்கு அவன் படை அனுப்பினானோ, அந்த நாட்டிலே மக்களாட்சி என்னவென்று அவன் கற்றுக்கொள்ளட்டும். தூக்கு மரத்தை நம்பி வாழ்வது மன்னர்களின் பழக்கம், அதை நாம் ஏன் பின்பற்றவேண்டும்? இதே ரோபஸ்பியர் முன்பு மரண தண்டனையையே ஒழிக்கவேண்டுமென்று பேசியதையும் அந்நாளில் நினைவூட்டினார். மாரா குறுக்கே பாய்ந்து கத்தினான்: இவன் குவேக்கர் மதத்தான், இவனுக்கு இதில் பேசவே தகுதியில்லை, மொழிபெயர்ப்பே தவறு! வோட்டெடுப்பில் பெயின் பக்கம் தோற்றது. 21-ஆம் நாள் லூயியின் தலை விழுந்தது.

தோழர்களே, சற்று நில்லுங்கள். இந்த இடத்தைத் தாண்டி நாம் விரைந்துபோக விரும்பவில்லை. மாற்றான் கோட்டையில் நின்று அவனை எதிர்த்துப் பேசுவது வீரம்தான். நம்மவர் கைதட்டல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நம் மன்றத்திலேயே, நம் தோழர்கள் முகம் சிவந்து நிற்க, நாளெல்லாம் தாம் எதிர்த்துவந்த பகைவனுக்காக எழுந்து நிற்பது வேறு வகை. கைதட்ட ஆளிராது. துரோகி என்ற பட்டம் உடனே கிடைக்கும். கட்டுப்பாடு கட்சிக்கு உயிர் என்று நாம் சொல்லி வருகிறோம். அதில் நமக்கு மாற்றமில்லை. எடுத்த முடிவுக்கு எல்லோரும் கட்டுப்படவேண்டும். ஆனால் முடிவு எடுக்குமுன் ஒரு தோழன் எழுந்து இது நியாயமல்ல என்று சொன்னால், உட்காரு என்று சட்டையைப் பிடித்து இழுக்கும் பழக்கம் நம் கிளைக் கூட்டங்களிலே இல்லையா? மாற்றுக் கட்சிக்காரன் கூட்டத்தில் கல் விழுந்தால், விழட்டுமே என்று உள்ளூர மகிழ்வோர் இல்லையா? அதே கல்தான் நாளை நம் மேடைக்கும் வரும். தன் சுதந்திரம் நிலைக்கவேண்டும் என்பவன் தன் பகைவனையும் கொடுமையிலிருந்து காக்கவேண்டும், இல்லையேல் அந்தக் கொடுமை அவனையே வந்து சேரும் என்ற கருத்தை 1795-இல் பெயின் எழுதினார். அவருக்கு அது ஏட்டுச் சுரைக்காயல்ல. இடையில் பட்ட பாடு அவ்வளவு.

1793 டிசம்பர் 28 விடியற்காலையில் அவரைக் கைது செய்தார்கள். அந்நியன் என்பது குற்றச்சாட்டு! மாலை போட்டுக் குடியுரிமை கொடுத்தவர்கள்தான் இப்படிச் சொன்னார்கள். சிறைக்குப் போகும் வழியில், எழுதி முடித்த 'பகுத்தறிவின் காலம்' கையெழுத்துப் பிரதியை ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். லக்சம்பர்க் அரண்மனை அப்போது சிறைச்சாலை. நாள்தோறும் மாலையில் பட்டியல் வரும். விடிந்ததும் வண்டியில் ஏற்றிக் கில்லட்டினுக்கு அனுப்புவர். பெயினுக்குக் கடும் காய்ச்சல், நினைவே இல்லை. மறுநாள் சாகவேண்டியவர் அறைக் கதவில் குறியிட்டுச் செல்வது வழக்கம். பெயினும் மூன்று பெல்ஜியரும் இருந்த அறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து சுவரை ஒட்டிக் கிடந்ததால், குறி கதவின் உட்பக்கத்தில் விழுந்தது. இரவு கதவைச் சாத்தியதும் மறைந்துவிட்டது, அதனால்தான் பிழைத்தோம் என்று பின்னாளில் பெயினே எழுதியிருக்கிறார். 1794 ஜூலை 27-இல் ரோபஸ்பியர் வீழ்ந்தார். மறுநாளே அவர் தலையும் விழுந்தது.

பாஸ்டில் சாவி அப்போது வாஷிங்டனின் மாளிகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொடுத்தனுப்பிய தோழனை மற்றொரு சிறையிலிருந்து மீட்க வாஷிங்டன் ஒரு வரி எழுதவில்லை. புதிய அமெரிக்கத் தூதர் மன்ரோ வந்து முயன்ற பிறகே, நவம்பரில், பத்து மாதச் சிறைவாசம் முடிந்தது.

பழிவாங்கும் ஆத்திரத்தோடு வெளியே வந்திருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். மீண்டும் அதே மன்றத்துக்குப் போனார். சொத்துள்ளவனுக்கே வோட்டு என்று 1795-இல் புதிய சட்டம் எழுதப்பட்டபோது, அதையும் எதிர்த்தார். நிலத்தைப் பற்றிய நூலொன்றை 1797-இல் வெளியிட்டார். நிலம் இயற்கையில் எல்லோருக்கும் பொது. உழுது பண்படுத்தியவனுக்கு அந்த உழைப்பின் பயன் சொந்தம், மண் சொந்தமல்ல. ஆகவே நிலம் வைத்திருப்பவன் நிலமற்றவனுக்குக் கடன்பட்டவன். வாரிசுச் சொத்தில் ஒரு பங்கு எடுத்து நிதி சேர்த்து, 21 வயது நிரம்பும் ஆணுக்கும் பெண்ணுக்கும் 15 பவுனும், 50 தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் 10 பவுனும் கொடுக்கச் சொன்னார். எல்லோருக்கும் அடிப்படை வருமானம் என்று பொருளாதார வல்லுநர்கள் இன்று பேசுகிறார்களே, அவர்கள் பெயினில்தான் தொடங்குகிறார்கள்.

'பகுத்தறிவின் காலம்' பற்றி ஒரு சொல். வேதங்கள் மனிதன் எழுதியவை, மதச் சபைகள் மனிதனை அச்சுறுத்திப் பணம் பறிக்க ஏற்பட்டவை என்று அதிலே நிறுவினார். நாத்திகன் என்று தூற்றினர். உண்மையில் பெயின் ஒரே கடவுள் உண்டு என்று நம்பியவர். பிரான்சில் பரவிய நாத்திகத்தை மறுப்பதும் அந்த நூலின் நோக்கங்களில் ஒன்று. எதிரிகள் சொன்ன பொய் நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக நாம் அதை ஏற்றுக்கொள்ள முடியாது. அந்த நூலை அச்சிட்ட குற்றத்துக்காக ரிச்சர்ட் கார்லைல் 1819 முதல் ஆறு ஆண்டு சிறையிலிருந்தார். பெயின் செத்துப் பத்தாண்டு ஆன பின்பும் அவ்வளவு அச்சம்!

1802-இல் அமெரிக்கா திரும்பினார். தாம் உருவாக்க உதவிய நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேதத்தைப் பழித்தவன் என்று பாதிரிகளும், வாஷிங்டனைக் கண்டித்து 1796-இல் வெளிப்படையாகக் கடிதம் எழுதியவன் என்று அரசியல்வாதிகளும் ஒதுக்கினர். ஜெபர்சன் ஒருவர்தான் விருந்துக்கு அழைத்தார். அதற்காக அவரும் வசை பெற்றார். 1806-இல் நியூ ரோஷெலில் வோட்டுப் போடச் சாவடிக்குச் சென்றார் பெயின். நீ இந்நாட்டுக் குடிமகன் அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள்! வாஷிங்டனே மீட்க முன்வரவில்லையே, அதுவே அத்தாட்சி என்று காரணம் சொல்லப்பட்டது. பெயின் வழக்குத் தொடர்ந்தார், தோற்றார்.

1809 ஜூன் 8-ஆம் நாள் நியூயார்க்கில் உயிர் நீத்தார். குவேக்கர் கல்லறையில் இடம் கேட்டிருந்தார், மறுத்துவிட்டனர். பண்ணை நிலத்தில் ஒரு மூலையில் புதைத்தார்கள். பிரான்சிலிருந்து வந்து அவரைப் பராமரித்த ஓர் அம்மையார், அவர் பிள்ளை, குவேக்கர் நண்பர் ஒருவர், நீக்ரோ மக்கள் இருவர் என்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே கூடியிருந்தனர். எந்தச் சர்க்காரும் ஆள் அனுப்பவில்லை.

பத்து ஆண்டு கழித்து வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகாசிரியர் அந்தக் குழியைத் தோண்டினார். இளமையில் பெயினைக் கண்டபடி ஏசியவர் அவர். பிறகு மனம் மாறியவர். இங்கிலாந்திலே பெரிய நினைவு மண்டபம் எழுப்பி, தொழிலாளரைத் திரட்டலாம் என்று எலும்புகளைப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். நன்கொடை சேரவில்லை, பத்திரிகைகள் கேலி செய்தன. 1835-இல் காபெட் இறந்தபோது பெட்டி அவர் வீட்டிலேயே இருந்தது. பிறகு கை மாறிக் கை மாறி எங்கேயோ போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை.